மூன்று தடவை கேட்டேன்

செவ்வாய், மாலை

அன்புள்ள பொடிசுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மூவரும் இருக்கிறோம். உன் அத்தானுக்கு முழங்கால் வலி, மகளுக்குக் கண்ணாடி நம்பர் ஏறியிருக்கிறது, எனக்கு எதுவும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நாலு பக்கம். அதில் மூன்றேமுக்கால் பக்கம் ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி. மீதிக் கால் பக்கம் அங்கே அடிக்கிற காற்றைப் பற்றி. சின்ன வயதிலிருந்தே அகராதி பிடித்தவள், இப்போது அகராதி ஆபீஸில் அதற்குச் சம்பளமும் வாங்குகிறாள் என்று உன் அத்தான் சொல்கிறார். அந்த வார்த்தையை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். 'ஹார்க்.' காறித் துப்புகிற மாதிரி இருக்கிறதே, இதற்கா 'கேள்' என்று அர்த்தம் என்றார். அர்த்தம் மட்டுமில்லை, பிறந்த கதையும் இருக்கிறது, உட்காருங்கள் என்று முழுதும் படித்தேன். 'ஹியர்' என்றால் சும்மா காதில் விழுவது. அதன் வாலில் ஒரு 'க்' ஒட்டிக்கொண்டால் 'ஹார்க்': காதில் விழுந்ததை விடாமல், திரும்பத் திரும்பக் கேட்பது. கதை என்கிற 'டேல்' ஒரு 'க்' சேர்ந்து 'டாக்' ஆனதும் அதே வழிதான். எண்ணூறு வருடத்துக்கும் மேல் பழசு, இன்று யாரும் வாயில் எடுப்பதில்லை. எனக்குப் புரிந்த அளவு சரியா? உன் அத்தான் பாதியிலேயே தூங்கிவிட்டார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர் இல்லையா, ஏறி இறங்குவதைத் தவிர எதிலும் அவருக்கு அக்கறை கிடையாது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு விஷயம் என்னைப் போட்டுப் படுத்துகிறது. உன்னிடம் சொன்னால் கொஞ்சம் இறங்கும்.

ஆம்புலன்ஸ் கேட்டு வருகிற போன்களை எடுப்பதுதான் பதினோரு வருஷமாக என் பிழைப்பு என்பது உனக்குத் தெரியும். ஒரு ஷிப்டுக்கு அறுபது, எழுபது அழைப்பு. அதில் கால்வாசி பேச்சே இல்லாதவை. சட்டைப்பையில் அமுங்கிய போன், குழந்தை கையில் கிடைத்த போன், பக்கத்து மேஜைக்காரி சொல்கிற மாதிரி, வேலை இல்லாதவன் விரல். அவற்றுக்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். என்ன உதவி வேண்டும் என்று மூன்று தடவை கேட்கவேண்டும். பதில் இல்லையென்றால் 'பேச்சில்லா அழைப்பு' என்று குறித்து மூடிவிட்டு, ஒரு தடவை திருப்பிக் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

போன வியாழன் காலை பதினொன்று இருபதுக்கு அப்படி ஒன்று வந்தது. மூன்று தடவை கேட்டேன். மூடினேன். திருப்பிக் கூப்பிட்டேன், எங்கேஜ்டு. அடுத்த அழைப்பு ஒரு விபத்து, அதில் மூழ்கிவிட்டேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் என்னவோ போல் இருந்தது. அடுப்பை அணைக்காமல் வந்துவிட்ட மாதிரி. வீட்டுக்கு வந்தபிறகு அடுப்பை அணைக்காத நினைப்பு வந்தால் எங்கே போய்ப் பார்ப்பது, சொல்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளரிடம் அந்தப் பதிவைக் கேட்கவேண்டும் என்றேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. வாயைத் திறந்தால் நேரத்தைத்தான் சொல்வார். முப்பத்துநாலு நொடி கொடுத்திருக்கிறாய், முறைப்படி இருபது போதும், கூடவே பதினாலு நொடி தர்மம் பண்ணியிருக்கிறாய், பிறகு எதற்குக் கிளறுகிறாய் என்றார். எதற்கென்று எனக்கே தெரியவில்லை என்றேன். அந்தக் காரணத்தை எழுதிக் கொடுத்தால் பரிசீலிக்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். மகள் ஏதாவது சொன்னால் 'ம்' என்கிறேன். என்ன சொன்னாள் என்று அவளே திருப்பிக் கேட்டால் முழிக்கிறேன். ஒன்றும் இருக்காது என்று நீயாவது எழுது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். காற்றுக்குக் காதை மூடிக்கொள்.

உன் அக்கா

•

ஞாயிறு, மதியம்

அன்புள்ள பொடிசுக்கு,

பத்து நாளுக்கு மேல் காத்திருந்து வந்த உன் பதிலைக் கையில் வைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஒன்றும் இருக்காது என்று நீ எழுதவில்லை. அதற்குப் பதிலாக அதே வார்த்தையின் இன்னொரு பிள்ளையைப் பிடித்து அனுப்பியிருக்கிறாய்: 'ஹார்க் பேக்'. வேட்டை நாய்கள் மோப்பம் தவறி முன்னே ஓடிவிட்டால், வந்த வழியே திரும்பிப் போய் விட்ட இடத்தைப் பிடி என்று வேட்டைக்காரர்கள் கொடுக்கிற குரல் அது என்று. நீ எனக்குச் சொல்கிறாயா, அகராதிக்குச் சொல்கிறாயா தெரியவில்லை. நான் எனக்கென்றே எடுத்துக்கொண்டேன்.

அனுமதி புதன்கிழமை வந்தது. பதிவறை என்பது எங்கள் மாடிப்படிக்குக் கீழே உள்ள ஒரு பொந்து. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, காது வைக்கிற இடத்தில் பஞ்சு பிய்ந்த ஹெட்போன். அங்கே இருக்கிற அம்மா யாரோடும் பேசமாட்டார்; நாள் முழுக்க மற்றவர்கள் பேச்சைக் கேட்டே அலுத்துப்போனவர். பதிவை ஓடவிட்டுவிட்டு அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

முதல் தடவை என் குரல் மட்டும்தான் கேட்டது. பொடிசு, என் குரல் அப்படியா இருக்கும்? கதவை இழுத்துச் சாத்துகிற மாதிரி. நீ ஏன் சொல்லவே இல்லை? இரண்டாம் தடவை, பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம். மூன்றாம் தடவையும் தண்ணீர்தான். போதும் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். பிறகு உன் 'க்' ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு தடவை போடச் சொன்னேன்.

நாலாவது தடவை, என் முதல் கேள்வி முடிந்ததும் 'டொக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், நகத்தால் தட்டுகிற மாதிரி. ஏதோ விழுந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது கேள்வி முடிந்தது, டொக், டொக். மூன்றாவது முடிந்ததும் தட்டித் தீர்த்திருக்கிறார்கள். அதன் மேலேயே என் குரல், அழைப்பை முடிப்பதாகச் சொல்கிறது.

பதிவறை அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு முதல்முறையாக வாய் திறந்தார்.

"அவங்க பதில் சொல்லிட்டுத்தான் இருந்திருக்காங்க, பாப்பா."

நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை, நீ கவனித்திருப்பாய். வாயால் கேட்பதும் கேட்பதுதான், காதால் கேட்பதும் கேட்பதுதான். நான் மூன்று தடவை கேட்டேன். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மணிக்கூண்டைக் கூட்டிவந்து கேட்கவைத்தேன். ஒரு தடவை கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். எத்தனை நொடி என்று சொல்லவில்லை. போன் கம்பெனிக்கு எழுதி அந்த எண்ணுக்குரிய முகவரியை மறுநாளே வாங்கிவிட்டார். அந்தக் காகிதத்தை என் பக்கமாகத் திருப்பி மேஜையில் வைத்தார்.

"நீ அங்க போகக் கூடாது, ரூல் தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். தேநீர் குடிக்க எழுந்து போய்விட்டார். அந்த மனிதரை இத்தனை வருஷமாகக் கிண்டல் செய்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

உன் அத்தான் அரைநாள் லீவு போட்டுவிட்டு வண்டியில் கூட்டிப்போனார். மூன்று மாடிக் கட்டிடம், இரண்டாவது மாடி. பூட்டியிருந்தது. எதிர்வீட்டில் துணி தைக்கிற ஒரு பெண். யார் என்று கேட்டாள். போன் பண்ணினார்கள், எடுத்தேன் என்று மட்டும் சொன்னேன். அவள் சொல்லித்தான் எல்லாம் தெரியவந்தது.

அங்கே இருப்பது கணவனும் மனைவியும் மட்டும். பிள்ளைகள் இல்லை. அவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இரண்டு வருஷம் முன்பு தொண்டையில் கட்டி என்று குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து போனில் பேசுவது, கடையில் கேட்பது, எல்லாமே மனைவிதான். அந்த வியாழக்கிழமை அந்த அம்மா குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டார், குழாயைத் திறந்தபடி. இவர் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். நான் மூடியதும் மறுபடி கூப்பிட்டிருக்கிறார், அதனால்தான் எங்கேஜ்டு. அந்த அழைப்பு வேறு ஒருத்தி மேஜைக்குப் போய், அவளும் மூன்று தடவை கேட்டு மூடியிருக்கிறாள். பிறகு இறங்கிப்போய்க் கதவு கதவாகத் தட்டியிருக்கிறார். எல்லோரும் வேலைக்குப் போன நேரம். தையல்காரப் பெண் துணி கொடுத்துவிட்டுத் திரும்பியது ஒன்றரை மணிக்கு. அவள்தான் ஆம்புலன்ஸ் கூப்பிட்டாள். அதையும் எங்கள் அறையில் யாரோ எடுத்திருக்கிறார்கள். உடனே வண்டி போயிருக்கிறது. பேசினாள் இல்லையா.

அந்த அம்மா உயிரோடு இருக்கிறார், கண் திறக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. முதல் மணி நேரம் முக்கியம் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

திரும்பி வரும்போது உன் அத்தான் சிக்னலில் வண்டியை நிறுத்தி, "நீ வேணும்னு பண்ணலையே" என்றார். வேண்டுமென்று பண்ணியிருந்தால் ஒரு தண்டனையாவது இருக்கும். இதற்கு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரண்டு தடவை கிளம்பி பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மணி மூன்றாகப் போகிறது. ஞாயிறு இரண்டு மணிக்குள் உன் போன் வந்துவிடும்; இன்று வரவில்லை. நான் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டுபேரும் வெளியே போயிருப்பீர்கள்.

ஒரு வரி எழுது. வார்த்தை எதுவும் வேண்டாம், உன் சேதியாக ஒரு வரி.

அக்கா

•

வியாழன், காலை

என் பொடிசுக்கு,

உன் அட்டை வந்தது. ஞாயிறு போன் பழுது, மற்றபடி எல்லாம் நலம், 'ஹார்க்' முடிந்தது, அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன் என்று எழுதியிருக்கிறாய். சரி.

முதலில் என் பக்கத்துச் சேதியை முடித்துவிடுகிறேன். போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ் நிறுத்தத்திலிருந்து இந்தத் தடவை திரும்பவில்லை. மகள் கூட வந்தாள், திரும்ப விடவில்லை. வார்டு வாசலில் ஒரு பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. மடியில் எழுதி அழிக்கிற பலகை, பிள்ளைகள் வைத்து விளையாடுவார்களே, அது. மகளைக் கீழே இருக்கச் சொல்லிவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். வழியெல்லாம் என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"அன்னைக்கு உங்க போனை எடுத்தது நான்தான்" என்றேன்.

அவர் எழுதிக் காட்டினார்: 'தெரியும். குரல்.'

பிறகு அழித்துவிட்டு எழுதினார்: 'மூணு தடவை கேட்டீங்க. மூணு தடவையும் பதில் சொன்னேன்.'

ஆமாம் என்றேன். இப்போது எப்படித் தெரிந்தது என்று எழுதிக் கேட்டார். பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், நாலாவது தடவை தெரிந்தது என்றேன். அவர் பலகையைத் துடைத்தார். மெதுவாக, ஓரம் வரைக்கும் துடைத்தார். எழுதினார்: 'முதல் தடவையே கேட்டிருக்கலாம்.'

அதில் கோபம்கூட இல்லை, பொடிசு. டிக்கெட் கொடுத்து மீதிச் சில்லறையைக் கையில் வைக்கிற மாதிரி வைத்தார். நான் அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்றவேண்டி வரும். அந்த வேலையையும் அவர் தலையில் கட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கிளம்பட்டுமா என்று கேட்டேன். அவர் தலையாட்டவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து, உள்ளே வா என்று கையைக் காட்டினார்.

அந்த அம்மா கண் திறந்து ஐந்து நாளாகியிருந்தது. வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சும் வரவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்கிறதாம். வீட்டுப் பேச்சாக நாளும் பேசிக்கொண்டே இருங்கள், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் சொல் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். யாரிடம் சொல்கிறார் பார்.

அவர் பலகையில் எழுதி என்னிடம் நீட்டினார். வாசி என்று சைகை. 'வீட்டில் கேஸ் சிலிண்டரை மூடிட்டேன்.' வாசித்தேன். என் ஆபீஸ் குரல் வந்துவிட்டது போலிருக்கிறது; கையை உயர்த்தி நிறுத்தினார். பலகையின் மூலையில் எழுதினார்: 'மெதுவா. அவ பயந்துக்குவா.' மறுபடி வாசித்தேன். துணியெல்லாம் எடுத்து மடித்துவைத்தாயிற்று. எதிர்வீட்டுப் பெண் உன் ரவிக்கையைத் தைத்துவிட்டாள், கழுத்து நீ கேட்டதைவிட இறக்கம், நான் சண்டை போட முடியாது, நீ வந்து போடு. பஸ் டிப்போவில் உன்னைக் கேட்டார்கள். தலையணை மாற்றட்டுமா. அவர் எழுத எழுத நான் சொல்லிக்கொண்டே போனேன். அந்த அம்மா ஒரு தடவையும் என் பக்கம் திரும்பவில்லை. குரல் என்னிடமிருந்து வந்தாலும் கண் அவரிடமேதான் இருந்தது. ரவிக்கை பற்றிச் சொன்னபோது முகத்தின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. சிரிப்பா, கோபமா எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது, பலகையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

வாசலில் என்னிடம் எழுதிக் காட்டினார்: 'நாளைக்கு எத்தனை மணிக்கு?'

ஷிப்ட் முடிந்து தினமும் மூன்று மணிக்குப் போகிறேன். மன்னித்துவிட்டார் என்று நினைத்துவிடாதே. அந்தப் பேச்சே எங்களுக்குள் இல்லை. அவருக்கு ஒரு குரல் வேண்டும், என்னிடம் ஒன்று இருக்கிறது. நேற்று அந்த அம்மா 'ப' என்று ஒரு எழுத்துச் சொன்னார். பத்துத் தடவை சொன்னார். பஸ்ஸா, பலகையா, பசியா என்று நாங்கள் இரண்டுபேரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் பல். பல் தேய்த்துவிடச் சொல்லியிருக்கிறார்.

ஆபீஸில் என்னிடமும் அந்த இன்னொருத்தியிடமும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். முறைப்படி எல்லாம் செய்தேன், ஆனால் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். இதில் எது பதில் என்று மேலே இருப்பவர்கள் குழம்புகிறார்களாம். மணிக்கூண்டு காத்திருக்கவில்லை. 'பேச முடியவில்லை என்றால் போனைத் தட்டுங்கள்' என்று நாங்கள் கேட்கிற கேள்வியோடு ஒரு வரியைச் சேர்த்து எல்லா மேஜையிலும் ஒட்டிவிட்டார். திங்கள்கிழமை அப்படி ஒரு தட்டல் வந்தது. ஆஸ்துமாக்காரப் பெண், மூச்சு முட்டிப் பேச முடியவில்லை. பக்கத்து மேஜைக்காரி எடுத்தாள். வண்டி நேரத்தோடு போய்ச் சேர்ந்தது.

இனி உன் சேதி.

தினமும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் உன் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அதற்குப் பதிவு கிடையாது, ஞாபகம்தான். நாலு வாரமாக உன் குரல் எதிரொலிக்கிறது. புது போன் என்றாய். நானும் சரி என்றேன். பதினோரு வருஷம் இந்த வேலை பார்த்தவளுக்குத் தெரியாதா, போன் எதிரொலிக்காது, அறைதான் எதிரொலிக்கும். திரைச்சீலையும் சோபாவும் இருக்கிற அறை அப்படி ஒலிக்காது. முன்பெல்லாம் பின்னால் மாப்பிள்ளையின் டிவி சத்தம் ஓயாது. அதைக் குறைக்கச் சொல் என்று நான் திட்டுவேன். கடைசியாக எப்போது திட்டினேன் என்று நினைவில்லை. 'எனக்கு மட்டும் என்ன சமைக்கிறது' என்று ஒருநாள் சொன்னாய். அவரைக் கேட்டேன் என்று சொல் என்றால், 'அவருக்கென்ன' என்றாய். நீ நல்லாயிருக்கியா என்று நானும் ஒவ்வொரு வாரமும் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, நீ மூச்சு விடுவதற்குள் அத்தான் முழங்காலை ஆரம்பித்துவிடுவேன்.

நாலு பக்கமும் வார்த்தைகளாக எழுதினாயே, அதையும் எடுத்து மறுபடி படித்தேன். 'நாங்கள்' என்று ஒரு இடத்திலும் இல்லை. அந்த வீட்டில் நீ இப்போது இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இப்போது எதையும் கேட்கவில்லை. நீ சொல்லவும் வேண்டாம். யார்மேல் தப்பு, எப்போது நடந்தது, ஏன் சொல்லவில்லை, எதுவும் வேண்டாம். பதினான்காம் தேதி முதல் பதினோரு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. விமான டிக்கெட் எடுத்தாயிற்று. கண்டக்டரிடம் சொன்னேன்; நான் திரும்பும்வரை மகள் வந்து வாசிப்பாள், அவள் குரல் என்னுடையதைவிட மெதுவாக இருக்கிறது என்று அவருக்கும் சம்மதம். உன் அத்தான் ரொட்டியும் முட்டையும் போட்டுக்கொள்வாராம். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "அவளை எதுவும் கேட்டுக் குடையாதே, பக்கத்துல போய் உட்காரு, போதும்." இந்த மனிதருக்கு லிஃப்டைத் தவிர எதுவும் தெரியாது என்று போன கடிதங்களில் எழுதியிருந்தால் அதை அடித்துவிடு.

எனக்காக வீட்டைச் சுத்தம் செய்யாதே. கட்டில் இல்லையென்றால் தரையில் படுத்துக்கொள்வேன். விமான நிலையத்துக்கும் வரவேண்டாம், நானே விசாரித்து வந்துவிடுவேன்.

நீ எங்கே இருந்தாலும் அந்த இடம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும், தாயே. இந்தக் கடிதத்தைப் பழைய முகவரிக்குத்தான் அனுப்புகிறேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். முன்பு அனுப்பியவற்றைச் சேர்த்த மாதிரி யாராவது உன்னிடம் சேர்ப்பார்கள். கிடைத்ததும் வேறெதுவும் எழுதவேண்டாம். நான் எந்தத் தெரு, எந்த எண்ணுக்கு வரவேண்டும் என்று மட்டும் எழுது.

உன் அக்கா